இடத்தைப் போட்டீங்க, குழி தோண்டுறதைப் போடலையே

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல, மலையில காசு குடுக்காம டென்ட் போட்டு தங்குறதைப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் அருமை, ஏரிக்கரையில ஆரஞ்சு கலர் டென்ட், பின்னாடி பனி மூடின மலை, பாத்ததுமே பையைத் தூக்கிட்டு கிளம்பணும்னு தோணுது. 20 வருஷமா எந்த வசதியும் இல்லாத இடமா தேடித் தேடி போயிட்டு வர்ற ஆளு நான், அதனால ரொம்ப சந்தோஷமாத்தான் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா படிச்சு முடிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அன்னிக்கு சாயங்காலமே எங்க அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, பேப்பர்ல வந்திருக்கே பாத்தீங்களா, நாங்க ஆறு பேரு வர்ற லீவுக்கு கிளம்புறோம், புக்கிங் வேணாம் ஒண்ணும் வேணாம், டென்ட் மட்டும் இருந்தா போதுமாம்"னான். சரிடா, தண்ணிக்கு என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன். "ஓடை இருக்காம் மாமா." ராத்திரி எவ்வளவு குளிரும்னு பாத்தியா? "ஸ்வெட்டர் இருக்கு." சரி, காலையில எழுந்து எங்கடா போவீங்க? அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "அங்க ஏதாச்சும் கட்டி வெச்சிருப்பாங்கல்ல மாமா"ங்கறான்.

இருக்காது ஐயா. அந்த மாதிரி இடத்துல டாய்லெட் இருக்காது, குழாய் இருக்காது, குப்பைத் தொட்டி இருக்காது, ராத்திரி ரோந்து வர்ற ஆளு இருக்க மாட்டாங்க, போன்ல சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவுல நேஷனல் ஃபாரஸ்ட் நிலத்துலயும் அங்க மத்திய அரசு வெச்சிருக்கிற பொது நிலத்துலயும் இதை 'டிஸ்பர்ஸ்ட் கேம்பிங்'னு சொல்வாங்க, அதாவது கேம்ப்கிரவுண்டுல வரிசையா போடாம அங்கங்க தனித்தனியா போட்டுக்கிறது. பெரும்பாலான இடத்துல கட்டணம் கிடையாது, ஒரே இடத்துல 14 நாள் வரைக்கும் இருக்கலாம்ங்கறதுதான் பரவலா இருக்கிற விதி. நார்வேயில 1957லயே சட்டம் போட்டு, வேலி போடாத காட்டு நிலத்துல யார் வேணா தங்கலாம்னு உரிமையே குடுத்துட்டாங்க, வீட்டுல இருந்து 150 மீட்டர் தள்ளிப் போடணும், ரெண்டு ராத்திரிக்கு மேல இருக்கணும்னா நிலத்துக்காரர்கிட்ட கேக்கணும், ஆள் நடமாட்டம் இல்லாத உயர மலைன்னா அந்த ரெண்டு ராத்திரி கணக்கும் கிடையாது. ஸ்காட்லாந்துல 2003ல இதே மாதிரி சட்டம் வந்துச்சு. இதையெல்லாம் உங்க கட்டுரை நல்லாவே சொல்லியிருந்துச்சு, அதுல எனக்கு குறை இல்ல. ஆனா இந்த சட்டம் எல்லாத்துலயும் 'பொறுப்பா நடந்துக்கணும்'னு ஒரு வரி சேர்ந்தே வருது பாருங்க, அந்த வரியை விட்டுட்டு உரிமையை மட்டும் எடுத்து போட்டா அது பாதிக் கட்டுரைதான். அந்த மீதிப் பாதியில முதல்ல வரவேண்டியது நம்ம மலம். பேப்பர்ல இதெல்லாம் எப்படி எழுதுறதுன்னு கூச்சப்பட்டு விட்டிருப்பீங்க, புரியுது, ஆனா மலையில இலவசமா தங்குற இடத்தை கெடுக்கறதுல பெரும்பங்கு இதுக்குத்தான்.

நான் கண்ணால பாத்ததை சொல்றேன். ஒரு ஏரி, பேரு வேணாம், ஏன் வேணாம்னு பின்னாடி சொல்றேன். முதல் தடவை போனப்போ அங்க ஒரு ராத்திரியில நாங்க ரெண்டு பேரு மட்டும்தான். ஏழு வருஷம் கழிச்சு திரும்ப போனேன், அதுக்குள்ள அந்த இடம் நெட்ல நல்லா பரவியிருந்துச்சு. இருட்டுற நேரம், டென்ட் போட இடம் பாத்து ஒரு பெரிய பாறைக்குப் பின்னாடி போனா, வெள்ளை வெள்ளையா டிஷ்யூ பேப்பர். அடுத்த பாறை, அங்கயும். மண்ணை சும்மா காலால தள்ளி மூடியிருக்காங்க, சில இடத்துல அதுவும் இல்ல, மேல ஒரு தட்டைக் கல்லை தூக்கி வெச்சிட்டு போயிருக்காங்க. ஏரித் தண்ணியில இருந்து பத்து அடி தூரம் கூட இல்ல ஐயா. அந்தத் தண்ணியத்தான் நாங்க மொண்டு குடிக்கணும், கீழ இருக்கிறவங்களுக்கும் அதேதான் ஓடை ஓடையா இறங்கிப் போகுது. நான் கையுறை மாட்டிக்கிட்டு ஒரு கவர்ல பொறுக்க ஆரம்பிச்சேன், கவர் நிறைஞ்சுது, பேப்பர் முடியல.

இதை செஞ்சவங்க கெட்டவங்க இல்ல, அதை நான் உறுதியா சொல்வேன், அவங்களுக்கு யாரும் சொல்லித்தரல அவ்வளவுதான். என் முதல் ட்ரிப்புல நானும் ஓடை ஓரமாத்தான் போனேன், 'தண்ணி இருக்கே கழுவிக்கலாம்'னு நெனச்சேன், இன்னிக்கு நெனச்சாலும் வருத்தமா இருக்கு. அப்புறம் கூட வந்த ஒரு பெரியவர்தான் தனியா கூட்டிட்டு போய் சொல்லிக் குடுத்தாரு. தண்ணி, நடைபாதை, டென்ட் மூணுல இருந்தும் 200 அடி தள்ளி போகணும், பெரியவங்க காலடிக்கு சுமாரா எழுபது எட்டு. ஆளு நடமாட்டம் இல்லாத, வெயில் படுற, கொஞ்சம் மண்ணு கருப்பா இருக்கிற இடமா பாக்கணும். பூந்தொட்டியில மண்ணைக் கிளறுவோமே அந்த சைஸ்ல ஒரு சின்ன கைக்கரண்டி, அதை வெச்சு 6ல இருந்து 8 இன்ச் ஆழம், 4ல இருந்து 6 இன்ச் அகலம் குழி. மேல இருக்கிற புல்லையும் வேரையும் ஒரு கட்டியா பேத்து பக்கத்துல வெச்சிக்கணும், தோண்டுற மண்ணை இன்னொரு பக்கம் குமிச்சுக்கணும். வேலை முடிஞ்சதும் ஒரு குச்சியால மண்ணோட கலந்து விட்டு, மீதி மண்ணைப் போட்டு, அந்தப் புல்லு கட்டியை மூடி மாதிரி திருப்பி வெச்சு மிதிச்சு விடணும். அங்க ஒரு குழி இருந்துச்சுன்னு நமக்கே தெரியக்கூடாது. ஏன் ரொம்ப ஆழமா தோண்டக்கூடாதுன்னா, மக்க வைக்கிற நுண்ணுயிர் எல்லாம் மேல் மண்ணுலதான் அதிகம், ரெண்டு அடி தோண்டினா அது அப்படியே கெடக்கும்.

டிஷ்யூவையும் சானிட்டரி நாப்கினையும் புதைக்கவே கூடாது, மிருகங்க மோப்பம் புடிச்சு தோண்டி எடுத்துடும், ரெட்டை ஜிப்லாக் கவர்ல போட்டு நம்ம பையிலயே திரும்ப எடுத்துட்டு வரணும். எரிச்சுடலாம்னு நெனைக்கவே வேணாம், டாய்லெட் பேப்பரை கொளுத்தப் போய் காடே பத்திக்கிட்ட கதை நெஜமாவே நடந்திருக்கு. ஈர டிஷ்யூ இன்னும் மோசம், அதுல பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், மக்கவே மக்காது. கழுவிக்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு இதுல ஒரு வசதி உண்டு, ஒரு சின்ன பாட்டில் தண்ணியை கொண்டு போய் அந்தக் குழிகிட்டயே கழுவிக்கிட்டா பேப்பரே வேணாம், கைக்கு அப்புறமா சானிடைசர்.

இன்னொரு விஷயம், உயர மலைக்கு போகப் போக இந்தக் குழி கணக்கும் செல்லாது. குளிர்ல மண்ணு வேலை செய்யாது, மண்ணே ஒரு சாண் கூட இருக்காது, கீழ பாறைதான். மொன்டானா மலைகள்ல புதைச்ச மலத்துல ஒரு குளிர்காலம் தாண்டியும் கிருமி உயிரோட இருக்குதுன்னு 1980கள்லயே ஆய்வு பண்ணி சொல்லிட்டாங்க. அதனாலதான் கலிஃபோர்னியாவுல மவுன்ட் விட்னி ஏறுறவங்க அவங்கவங்க மலத்தை பையில கட்டி கீழ எடுத்துட்டு வரணும்னு விதி, அந்தப் பைக்குள்ள ஒரு பவுடர் இருக்கும், ஈரத்தை இழுத்து கெட்டியாக்கிடும், நாத்தமும் வராது. அலாஸ்காவுல டெனாலியில இதுக்குன்னே மூடி போட்ட டப்பா குடுக்கிறாங்க. எவரெஸ்ட்ல கூட 2024ல இருந்து ஏறுறவங்க பை கொண்டு போகணும்னு அந்த ஊர் நிர்வாகம் சொல்லிடுச்சு. உலகத்துலயே உயரமான மலையில இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறுறவங்களே இதை தூக்கிட்டு எறங்குறாங்கன்னா, ஒரு ராத்திரி ஏரிக்கரையில தங்கிட்டு வர்ற நமக்கு என்ன வெக்கம் வேண்டிக்கிடக்கு?

அடுத்தது தண்ணி. மலை ஓடை கண்ணாடி மாதிரி இருக்கும், பாத்தா அப்படியே கையால அள்ளி குடிக்கத் தோணும், உங்க கட்டுரையில கூட 'தெளிந்த நீரோடை'ன்னு வந்திருந்துச்சு. தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல ஐயா. ஜியார்டியான்னு ஒரு ஒட்டுண்ணி, ஜில்லுனு இருக்கிற தண்ணியில வாரக்கணக்குல உயிரோட இருக்கும், குடிச்சு ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சுதான் வயித்தைக் கலக்கும், அதுக்குள்ள நாம வீட்டுக்கு வந்து வேலைக்கே போயிருப்போம், எதனால வந்துச்சுன்னே தோணாது. எனக்கு வந்துச்சு. மூணு வாரம் படுத்தேன், டாக்டர் முதல்ல ஓட்டல் சாப்பாடுன்னு நெனச்சாரு, மலை ஓடைத் தண்ணி குடிச்சதை நான் சொன்னப்புறம்தான் டெஸ்டே எடுத்தாங்க.

தண்ணியை நல்லா தளதளன்னு கொதிக்க விட்டு 1 நிமிஷம் வெச்சா போதும், 2,000 மீட்டருக்கு மேலன்னா 3 நிமிஷம், ஏன்னா மேல போகப் போக தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சிடும். குளோரின் மாத்திரை பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் சரி, ஆனா கிரிப்டோஸ்போரிடியம்னு இன்னொரு ஒட்டுண்ணி இருக்கு, அதுக்கு குளோரின் பத்தாது. சின்ன ஃபில்டர் வெச்சிக்கலாம், கையடக்கமா நல்லா இருக்கும், ஆனா உள்ள இருக்கிற குழல் ஈரத்தோட உறைஞ்சா விரிசல் விட்டுடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, அதனால குளிர் ராத்திரியில அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வெச்சிட்டு தூங்கணும். பாத்திரம் கழுவறது, குளிக்கறது எல்லாமே தண்ணியை மொண்டு 200 அடி தள்ளி எடுத்துட்டு போய்தான். 'மக்கும் சோப்பு'ன்னு போட்டிருந்தாலும் அது மண்ணுலதான் மக்கும், ஓடைக்குள்ள நேரா விட்டா மீனுக்கும் பூச்சிக்கும் கேடுதான்.

நெருப்புக்கு வர்றேன், இங்கயும் அந்த ஏரிக் கதையே இருக்கு. மறுநாள் காலையில அதே கரையில ஒரு பழைய அடுப்பு வட்டம் பாத்தேன், முந்தின நாளோ அதுக்கு முந்தின நாளோ தங்கினவங்க விட்டுட்டு போனது. மேல சாம்பல், அதுக்கு மேல மண்ணைப் போட்டு மூடி அழகா சமன்படுத்தியிருக்காங்க. சரி அணைச்சுட்டுத்தான் போயிருக்காங்கன்னு நெனச்சு, சும்மா ஒரு சந்தேகத்துல புறங்கையை மண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போனேன், சூடு. ஒரு குச்சியை உள்ள விட்டு கிளறினா சிவப்பா கண்ணு முழிச்சு பாக்குது. மண்ணு போட்டா நெருப்பு அணையாது ஐயா, போர்வை போத்தின மாதிரி உள்ளயே கனன்னுகிட்டு கெடக்கும், பக்கத்துல வேர் இருந்தா வேர் வழியா பூமிக்கடியிலயே நகர்ந்து போய் ரெண்டு நாள் கழிச்சு வேற எங்கயோ எழும்பும். அன்னிக்கு நான் சமையல் பாத்திரத்துல ஏரியில இருந்து மொண்டு மொண்டு ஊத்தினேன், எண்ணல, இருபது தடவைக்கு மேல இருக்கும். ஊத்துறப்போ புஸ்ஸுன்னு சத்தம், கிளறு, திரும்ப ஊத்து, திரும்ப சத்தம். கடைசியா சாம்பல் கஞ்சி மாதிரி குழைஞ்சு, சத்தம் அடங்கி, உள்ள கையை விட்டாலும் ஜில்லுனு இருந்தப்புறம்தான் எழுந்தேன்.

கையை வைக்க முடியாத சூட்டுல இருந்தா விட்டுட்டு போகக்கூடாது, இவ்வளவுதான் விதி, மனசுல நிக்கிற மாதிரி இதை மட்டுமாவது போட்டிருக்கலாம் நீங்க. நார்வேயில ஏப்ரல் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுலயும் காட்டுக்குப் பக்கத்துலயும் நெருப்பு மூட்டவே பொதுவா தடை. ஃபின்லாந்துல எங்க வேணா தங்குற உரிமை உண்டு, ஆனா நிலத்துக்காரர் சம்மதம் இல்லாம நெருப்பு மூட்டுற உரிமை அதுல கிடையாது. அமெரிக்காவுல காய்ஞ்ச மாசத்துல தடை போட்டாங்கன்னா முதல்ல தடையாகறது இந்த மாதிரி இலவச இடத்து நெருப்புதான், ஏன்னா அங்க நெருப்பைச் சுத்தி அடக்கி வைக்கிற இரும்பு வளையமும் கிடையாது, பாத்துக்க ஆளும் கிடையாது. என்னைக் கேட்டா சமைக்க ஒரு சின்ன கேஸ் ஸ்டவ் போதும், நெருப்பு வேணும்னா தடை இல்லாத நேரத்துல, ஏற்கனவே இருக்கிற வட்டத்துல, கீழ விழுந்து காய்ஞ்ச, மணிக்கட்டு தடிமனுக்கு மேல போகாத குச்சியை வெச்சு சின்னதா மூட்டிக்கோங்க. மரத்தை வெட்டக்கூடாது, ஆத்துக்குள்ள இருந்து எடுத்த ஈரக் கல்லை சுத்தி வைக்கக்கூடாது, உள்ள இருக்கிற ஈரம் சூடாகி கல்லு வெடிக்கும். டென்ட்டுக்குள்ள ஸ்டவ் பத்த வைக்கவே வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே போயிடுவோம், குளிருக்கு பயந்து ஜிப்பை இழுத்து மூடிட்டு உள்ள ஸ்டவ் வெச்சு செத்தவங்க இருக்காங்க.

குளிரைப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்வெட்டர் இருக்குன்னு அக்கா பையன் சொன்னானே, 1,000 மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும், ராத்திரி இன்னும் குறையும், அதுலயும் குளிர் காத்து கனமானது, இறங்கி பள்ளத்துலயும் ஏரிக்கரையிலயும் வந்து தேங்கி நிக்கும், போட்டோவுக்கு அழகா இருக்கிற இடம் தூங்குறதுக்கு மோசமான இடம். கீழ போடுற மேட் நல்லதா இல்லைன்னா எவ்வளவு போத்தினாலும் பூமி உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். இடம் பாக்குறப்போ கீழ பாக்கற மாதிரி மேலயும் அண்ணாந்து பாக்கணும், பட்டுப்போன மரம் நின்னா காத்துக்கு சாயும். காய்ஞ்ச ஓடைப் படுகையில போடக்கூடாது, எங்கயோ மேல மழை பெஞ்சா இங்க வெள்ளம் வரும். பச்சைப் புல்லு மெத்தை மாதிரி இருக்கேன்னு அது மேல போடாதீங்க, உயரத்துல வளர்ற செடி ரொம்ப மெதுவா வளரும், நாம ஒரு ராத்திரி நசுக்கினது திரும்ப எழ வருஷக்கணக்காகும், பாறை மேலயோ மண்ணுத் தரையிலயோ ஏற்கனவே டென்ட் போட்டு தேஞ்ச இடத்துலயோ போட்டுக்கலாம். சாப்பாட்டை டென்ட்டுக்குள்ள வெச்சுக்காதீங்க, கரடி இருக்கிற மலைன்னா அதுக்குன்னு இருக்கிற கெட்டி டப்பா வேணும், மனுஷ சாப்பாட்டு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில அதை சுட வேண்டியதா போயிடும், தப்பு நம்மளது, உசுரு அதுது.

எங்க போறோம், என்னிக்கு திரும்புவோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு வரலைன்னா யாருக்கு போன் பண்ணணும்னும் சேர்த்து எழுதுங்க.

இப்போ ஏரி பேரை ஏன் சொல்லலைங்கறதுக்கு வர்றேன். உங்க கட்டுரையில ஆறு இடம் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் மேப்ல எந்தப் புள்ளின்னே குடுத்திருந்தீங்க. லட்சக்கணக்குல படிக்கிற பேப்பர் நீங்க, அதுல நூத்துல ஒருத்தர் போனாக்கூட, நாலு டென்ட் தாங்குற ஒரு கரை என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. நல்ல இடத்தை நாலு பேருக்கு சொல்லக்கூடாதான்னு கேப்பீங்க, நியாயம்தான், நானும் யாரோ சொல்லித்தான் போனேன், மலை யாருக்கும் தனிச் சொத்து இல்ல. ஆனா எனக்கு சொன்னவரு இடத்தை சொல்றப்போ கூடவே அந்த கைக்கரண்டியையும் கையில குடுத்தாரு, அதுதான் வித்தியாசம்.

இலவச இடம் எப்படி மூடுதுன்னு நான் பாத்திருக்கேன். முதல்ல ஒரு போர்டு வரும், 'குப்பை போடாதீர்'னு. அடுத்த வருஷம் வண்டி நிறுத்துற இடத்துல பாறாங்கல்லை உருட்டி அடைப்பாங்க. அதுக்கடுத்து நம்பர் போட்ட கம்பம், அதுக்கடுத்து பர்மிட், அதுக்கடுத்து கட்டணம், இல்லைன்னா மொத்தமா தடை. ஸ்காட்லாந்துல நாடு முழுக்க தங்குற உரிமை இருந்தும், லாக் லோமண்ட் நேஷனல் பார்க்ல ஏரிக்கரைகள்ல குப்பையும் வெட்டின மரமும் தாங்க முடியாம 2017ல இருந்து மார்ச் முதல் செப்டம்பர் வரைக்கும் பர்மிட் இல்லாம குறிப்பிட்ட கரைகள்ல தங்கக்கூடாதுன்னு கொண்டு வந்துட்டாங்க. கொலராடோவுல கிரெஸ்டட் பியூட் பக்கத்துப் பள்ளத்தாக்குகள்ல முன்னாடி இஷ்டப்பட்ட இடத்துல போடலாம், கூட்டம் தாங்காம இப்போ குறிச்சு வெச்ச இடத்துல மட்டும்தான். அதிகாரிகளை குறை சொல்ல முடியல ஐயா, அவங்க வேற என்ன பண்ணுவாங்க, பத்து பேரை வெச்சிக்கிட்டு அவ்வளவு பெரிய காட்டை கழுவிக்கிட்டு இருக்க முடியுமா. ஆனா மூடினப்புறம் அடி வாங்குறது யாரு? காசு குடுத்து ரிசார்ட்ல தங்க முடியாதவங்கதான். ஒரு பழைய டென்ட்டும் ரெண்டு போர்வையும் வெச்சிக்கிட்டு புள்ளைங்களை கூட்டிட்டு போய் நட்சத்திரம் காட்டுற குடும்பம்தான். அந்தக் கோவம் எனக்கு உண்டு, அதான் இவ்வளவு எழுதுறேன்.

அதனால உங்ககிட்ட ரெண்டு வேண்டுதல். ஒண்ணு, இனிமே இந்த மாதிரி எழுதுறப்போ மேப் புள்ளி போடாதீங்க, எந்த மலைத்தொடர், எந்த அலுவலகத்துல விசாரிக்கணும்ங்கறது வரைக்கும் போடுங்க போதும். போற ஆளு அந்த வன அலுவலகத்துக்கு ஒரு போன் பண்ணி நெருப்புத் தடை இருக்கா, ரோடு திறந்திருக்கா, கரடி நடமாட்டம் இருக்கான்னு கேட்டே ஆகணும், நீங்க புள்ளியைக் குடுத்துட்டா அந்த போனை யாரும் பண்ண மாட்டாங்க. நாமளே தேடி, மேப்பை விரிச்சு, தப்பான பாதையில போய் திரும்பி வந்து கண்டுபிடிக்கிற இடத்து மேல ஒரு பாசம் வரும், அந்தப் பாசத்துல குப்பை போட மனசு வராது.

ரெண்டாவது, வர்ற ஞாயித்துக்கிழமைகள்ல ஏதாவது ஒண்ணுல, அதே சைஸ் பக்கத்துல, அதே மாதிரி பெரிய படத்தோட, குழி எப்படி தோண்டுறது, தண்ணியை எப்படி சுத்தம் பண்றது, நெருப்பை எப்படி அணைக்கிறதுன்னு ஒரு கட்டுரை போடுங்க. 'லீவ் நோ ட்ரேஸ்'னு 7 விதி உலகம் முழுக்க சொல்லிக் குடுக்கிறாங்க, அதுல பாதியை நான் மேல எழுதிட்டேன், மீதியையும் உங்க நிருபர் விசாரிச்சு எழுதினா நம்ம பாஷையிலேயே புள்ளைங்க படிப்பாங்க. படத்துக்கு ஏரியை போட வேணாம், அந்த கைக்கரண்டியை போடுங்க.

அக்கா பையன் விஷயம் சொல்லாம விட்டுட்டேன். அவங்க ஆறு பேரையும் போன சனிக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி, பின்னாடி தோட்டத்துல ஆளுக்கு ஒரு குழி தோண்ட வெச்சேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஒரு பொண்ணு மட்டும் ஸ்கேலை வெச்சு ஆழத்தை அளந்து, ஆறு இன்ச்சுக்கு ஒரு விரல் கம்மியா இருக்குன்னு திரும்ப உக்காந்து தோண்டுச்சு, வேர் குறுக்க வந்தப்போ அதை வெட்டாம பக்கத்துல தள்ளி புதுசா ஆரம்பிச்சுது. அவங்க கிளம்புறது அடுத்த மாசம். நானும் கூட போறேன்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகர் ஒருத்தர்